காக்காய்க்கு வைத்த இலை

ஆடி அமாவாசை, இரவு

அவர் போனபின் நான் வைத்த முதல் படையல். வாழைக்காய் வறுவலை அவருக்குப் பிடித்த மாதிரி முறுகலாகவே செய்தேன். காக்காய் வாய் வைத்தால்தான் வீட்டில் சாப்பாடு. மொட்டைமாடியில் எங்கள் ஃபிளாட்டில் பாதிப் பேர் இலையோடு நின்று "கா, கா" என்று கத்தினார்கள். ஒன்றுகூட வரவில்லை.

வாசல் புங்கமரத்தைப் போன வருஷம்தான் வெட்டினார்கள். கார்மேல் எச்சம் விழுகிறதாம். மீட்டிங்கில் வேண்டாம் என்றவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். "குப்பையையும் புழுவையும் அதுங்கதானேங்க தின்னுது? மரம் போனா எங்க போகும்?" என்றார். சிரித்தார்கள். மற்ற நாளெல்லாம் அசிங்கம், இன்றைக்கு மட்டும் முன்னோர்.

அன்று சிரித்த செக்ரட்டரி இன்று என்னிடமே வந்தார். "ஏம்மா, சார் தினம் சோறு வைப்பாரே, எப்படிக் கூப்பிடுவாரு?"

அவர் கூப்பிடவே மாட்டார். மாடிக் கதவுச் சத்தம் கேட்டாலே மரத்திலிருந்து வந்துவிடும்.

சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு நம்மமேல கோபமாம்மா?" என்றான் மகன்.

கோபமெல்லாம் இல்லைடா என்றேன். வந்தால் உட்கார ஒரு கிளை விட்டுவைத்தோமா?