உன் ஒட்டுகளுக்குக் கீழே

படகு ஒட்டும் ரெசின் பசை டப்பாவைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே உன்னைத் திட்ட வேண்டும்போல் வந்தது. செத்துப்போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன்னோடு சேர்ந்து படகு ஒட்டியதில்லை.

போன வாரம் உன் மகள் ஸ்டெல்லா வந்தாள். நாம் வேலை பார்த்த படகுத்துறையில் கழித்துப்போட்ட ஃபைபர் துடுப்புப் படகு ஒன்றை நீ கேட்டு வாங்கி வைத்திருந்தாயே, அதன் அடியெல்லாம் விரிசலாம். பார்த்தவர்கள் எல்லாரும் அறுத்துப் போட்டுவிடு என்றார்களாம். "நீங்க ஓடாதுன்னு சொல்லுங்க மாமா, அறுத்துர்றேன். வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்" என்றாள். அப்பா என்று அவளுக்கு மிச்சமிருப்பது அந்தப் படகு ஒன்றுதான். தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய், மகராசன்.

கவிழ்த்துப் போட்டுச் சாவியால் தட்டிப் பார்த்தேன். நல்ல உடம்பு கணீரென்று கேட்க வேண்டும். இது எங்கே தட்டினாலும் ஊறின பலகை மாதிரி சத்தம் கொடுத்தது. உள்ளே படலம் படலமாக விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அவளிடம் எப்படிச் சொல்வது?

எதற்கும் ஓர் இடத்தில் தேய்த்துப் பார்ப்போம் என்று கைக் கிரைண்டரைப் போட்டேன். நீலப் பெயின்ட். அதற்குக் கீழே ஒட்டு. ஒட்டுக்குக் கீழே பச்சைப் பெயின்ட். அதற்கும் கீழே இன்னொரு ஒட்டு. அடப்பாவி, இது படகா வெங்காயமா? பெயின்ட் மேல் ஒட்டினால் பிடிக்காது, சுரண்டிவிட்டு ஒட்டு என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். சீசன் வந்துவிட்டது, வெரசா முடிப்போம் என்பாய்.

ரெசினை இறுக வைக்க ஊற்றும் ஹார்டனர் விஷயம் அதைவிடக் கொடுமை. இந்த மலைக் குளிரில் ரெசின் லேசில் இறுகாது. வெயில் வரட்டும் என்று நான் காத்திருப்பேன். நீயோ ஹார்டனரை மூடி மூடியாகக் கூட்டி ஊற்றுவாய். கலவை கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். அதிலேயே குளிர் காய்ந்துகொண்டு, "ஏலே, நம்ம ஊருக்குக் கொஞ்சம் கூடத்தான் வேணும்" என்று எனக்குப் பாடம் எடுப்பாய். அப்படி இறுகினது அப்பளமாய் நொறுங்கும். அடுத்த வருடம் அதே இடத்தில் விரிசல், அதன் மேல் இன்னொரு ஒட்டு.

அடியில் இருந்த ஒட்டையெல்லாம் தேய்த்து எடுத்த பிறகு பார்த்தால், அசல் உடம்பில் மேல்பூச்சு மட்டும் மயிரிழையாய்க் கீறியிருந்தது. தட்டினேன், கணீரென்றது. விரிசல் முழுக்க நீ வைத்த ஒட்டுகளில்தான். இவனை என்ன செய்தால் தகும் என்று ஆத்திரமாய் வந்தது. கவிழ்த்த படகின் மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

கீறலைத் திறந்து, அளவாய்க் கலந்து, வெயில் பார்த்து ஒட்டினேன். நேற்று ஏரியில் இறக்கினோம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஸ்டெல்லா கரைக்குத் திரும்ப மனசில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

இறக்கும் முன் பார்த்தபோது, படகின் மூக்குப் பக்கம், தண்ணீர் தொடாத உயரத்தில், உன் ஒட்டு ஒன்று மட்டும் பெயின்ட் அடிக்காமல் கிடந்தது. நீ கட்டைவிரலால் தடவிச் சமன் செய்த தடம் அதில் அப்படியே இறுகியிருந்தது. அதையும் எடுப்பதுதான் முறை. கிரைண்டரைக் கொண்டுபோனேன், கை வரவில்லை. வேலை தெரிந்தவன் எவன் பார்த்தாலும், எந்தக் கூறுகெட்டவன் ஒட்டினான் என்று கேட்பான். கேட்கட்டும். உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.