தோணியை நகர்த்தியது அங்கம்மாவின் வீச்சு

என் கூடப்பிறந்தவளே, அங்கம்மா அக்கா,

நாம் தோணியில் தப்பிப் பிழைத்தது எந்த வருஷம் என்று கேட்பார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டைச் சுவரைப் புயல் சாய்த்துப் போட்ட வருஷம். ஒல்லாந்தர் சுண்ணாம்புக்குப் பறந்து, ஏரிக்கரை ஊர்களிலெல்லாம் கிளிஞ்சல் கேட்டு ஆள் அனுப்பிய வருஷம். பழைய முகத்துவாரம் மணல் மூடிப்போய், ஏரி தானாக வடக்கே இன்னொரு வாயைத் திறந்துகொண்டதும் அப்போதுதான். அந்தப் புது வாயின் குணம் அப்போது யாருக்கும் பிடிபட்டிருக்கவில்லை.

எனக்கு எழுத்து வராது, உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் ஓலையில் கீறுகிறார். நாளைக் காலையில் கரையில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி படிக்கப்போகிறார். ஊர்த் தலைவரைப் பற்றி வருகிற இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். ஒரு எழுத்தும் விடாதே என்றேன்.

நாளைக்கு என் மகன்களின் புதுத் தோணி தண்ணீரில் இறங்குகிறது. மூக்கு நனைவதற்கு முன்னால், அந்தக் குடும்பத்தில் ஆபத்திலிருந்து தோணியைக் கரை சேர்த்தவர்களின் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். பிறகுதான் ஊர் கை வைத்துத் தள்ளும். அந்த வழக்கம் இன்னும் மாறவில்லை. நேற்று நாட்டார் வீட்டுக்கு வந்தார். ஊருக்குத் தலைவர் இப்போது அவர்தான். நீ கண்ணை மூடினபோது அரைஞாண் கயிற்றோடு திரிந்த பயல்.

"பெரியப்பா, கன்னியப்பன் பேரைக் கூப்டு. ஊரே சேந்து கூப்டும். அங்கம்மா பேரு மட்டும் வேணாம்" என்றார்.

"ஏன், அவ இன்னா பண்ணிட்டா?"

"ஏரி குடுத்ததை ஏரி மூஞ்சிலயே வீசினவ. அவ பேரைச் சொன்னா ஒரு கையும் உன் தோணி மேல விழாது."

கேட்டாயா அக்கா? உன் வீட்டுக்காரர் பேருக்கு மரியாதை, உன் பேருக்குத் தடை. அவரைக் குறை சொல்லாதே என்பாய். குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குத் தோணியில் நீ, உன் வீட்டுக்காரர் கன்னியப்பன், நான். கிளிஞ்சல் நிரப்பிய ஓலைப்பொட்டிகள் விளிம்பு வரைக்கும். அவர்தான் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். புது வாய்க்குப் பக்கத்தில் கழி சேற்றில் சிக்கியது. தோணி நகர்ந்தது, கழி நகரவில்லை, அவர் கையை விட்டுவிட்டார். தண்ணீர் வற்றுகிற நேரம். ஏரி மொத்தமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, நாமும் அதோடு போனோம். வாய்க்கு வெளியே அலை உடைகிற சத்தம் கேட்டது.

தோணியின் மூக்கு மணல்திட்டைப் பார்த்துத்தான் இருந்தது. திட்டில் முழங்காலளவுத் தண்ணீர்தான், கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனால் நடுவில் ஆழம். அங்கே நீந்தப் பார்த்த ஒருவனை முந்தின வாரம்தான் கடல் கொண்டுபோயிருந்தது. கையால் துழாவிப் பார்த்தோம். பாரத் தோணி, அசைந்து கொடுக்கவில்லை.

கன்னியப்பன் மாமா கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிட ஆரம்பித்தார். நீ எழுந்தாய். ஒரு பொட்டியைத் தூக்கிப் பின்பக்கமாக வீசினாய். பாரத்தைக் குறைக்கிறாய் என்று நினைத்து, மூக்குப் பக்கம் இருந்த நானும் ஒரு பொட்டியை முன்னால் எறிந்தேன். திட்டுப் பக்கம் அசைய ஆரம்பித்த தோணி அப்படியே நின்றுபோயிற்று. நீ திரும்பிப் பார்த்தாயே ஒரு பார்வை!

"டேய் எருமை! நான் இப்டி வீசறேன், நீ அப்டி வீசினா தோணி யாரு பேச்சைக் கேக்கும்?"

"பாரம் கொறைஞ்சா போதாதா?"

"பாரம் கொறைஞ்சா மெதக்கும்டா, போவாது. இங்க வந்து பின்னால வீசு. பொத்துனு போடாத, இருக்கிற பலமெல்லாம் வெச்சு வீசு."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஆட்டி ஆட்டி வீசினோம். பொட்டி பின்னால் பறக்கிற அதே நொடியில் பாதத்துக்கு அடியில் தோணி முன்னால் உந்தும். இந்தக் கிழட்டுக் கால் அதை இன்னும் மறக்கவில்லை. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. போகப் போகத் தோணி இளைத்தது, அதே வீச்சுக்கு இன்னும் துள்ளியது. நடுவில் கை ஓய்ந்துபோய் ஒரு பொட்டியை விளிம்பில் வைத்து நழுவவிட்டேன். அதற்கு ஒரு உந்தலும் இல்லை. "அது வீச்சு இல்லடா, வீணு" என்று பல்லைக் கடித்தாய்.

மூக்கு மணலில் உரசியபோது ஒரு பொட்டிகூட மிச்சமில்லை. அப்போதுதான் மாமா கண்ணைத் திறந்தார். "அம்மா தள்ளிட்டா" என்றார்.

ஊருக்கும் அதையே சொன்னார். ஏரியில் எடுத்ததை ஏரியிலேயே திருப்பி எறியக்கூடாது என்று ஊர்க்கட்டு இருக்கிறதே, அது வேறு சேர்ந்துகொண்டது. அம்மன் காப்பாற்றினாள், அங்கம்மா அவமதித்தாள் என்று முடிந்தது பேச்சு. அன்றிலிருந்து உன்னை எந்தத் தோணியிலும் ஏற்றவில்லை. சாகிற வரைக்கும் முழங்கால் தண்ணீரில் குனிந்து, கையால் இறால் தடவியே பிழைத்தாய். ஏரி கொடுத்ததை ஏரிக்கே கொடுத்து மூன்று உயிரை மீட்டாய், இதில் அவமதிப்பு எங்கே வந்தது? ஒரு நாளாவது உன் வீட்டுக்காரர் "இவள்தான்" என்று சொல்லியிருக்கக்கூடாதா? போன மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார், சொல்லாமலே.

நாட்டாரை நான் சும்மா அனுப்பவில்லை.

"ஏம்பா, தோணியிலேர்ந்து கரைக்குத் தாவுறியே, தோணி எந்தப் பக்கம் போவுது?"

"பின்னால."

"யாரு தள்றா, அம்மனா?"

"என் காலு தள்ளுது. இது ஒரு கேள்வியா?"

"கோட்டை பீரங்கி குண்டை முன்னால துப்பிட்டுப் பின்னால ஓடுதே, ஒல்லாந்துக்காரன் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கானே, அதுக்கு எந்த அம்மன்?"

"நீ அம்மனே இல்லன்றியா?"

"அம்மா இருக்கா. அங்கம்மாவுக்குக் கை குடுத்தவ அவதான்னு வேணா சொல்லு. அந்தக் கையே இல்லன்னு சொல்லாத."

"கெழத்துக்கு வாய் மட்டும் இன்னும் ஓயல" என்று முனகிக்கொண்டே போனார்.

நம் ஆண்கள் தினமும் தோணியில் நின்று வீச்சுவலை எறிகிறார்கள். வலை முன்னால் போகும்போது தோணி பின்வாங்குகிறது, காலை ஊன்றிக்கொள்கிறார்கள். காலுக்குத் தெரிந்தது ஏன் வாய்க்குத் தெரியவில்லை? நீ இறால் தடவிக்கொண்டே எனக்குச் சொல்வாய்: "சும்மா கெடந்த தோணிடா அது. பொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வீச்சு, தோணிக்கு இந்தப் பக்கம் ஒரு வீச்சு. பொட்டி சின்னது, வேகமா போச்சு. தோணி பெருசு, மெதுவா வந்துச்சு. ரெண்டும் சரிக்குச் சரி. அதைக் குடுக்காம இது வராது." இதில் ஏரியைத் திட்டுகிற வார்த்தை ஒன்றாவது உண்டா?

வீட்டிலும் சண்டைதான். பெரியவன் சொல்கிறான், "நைனா, மனசுக்குள்ள சொல்லிக்கோயேன். தள்றதுக்கு ஆள் வேணும்ல?" அவன் பயம் நியாயம்தான். அவ்வளவு பெரிய மரத்தை நாங்கள் மூன்று பேர் தள்ள முடியாது. ஆனால் மனசுக்குள் சொல்ல நான் என்ன திருடனா, நீதான் திருடியா?

அடுப்படியிலிருந்து மருமகள் சொன்னாள், "நான் தள்றேன். இன்னா, என் கை கையில்லயா?" பெண்கள் தோணி தள்ளுகிற வழக்கம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். சிரித்தார்களா, சரி என்றார்களா, எனக்கு விளங்கவில்லை.

அக்கா, நாளைக்கு மாமா பேரையும் கூப்பிடுவேன். அவரும் அந்தத் தோணியில் இருந்தார், அது பொய் இல்லை. ஆனால் முதல் பேர் உன்னுடையது. தொண்டை கிழியக் கூப்பிடுவேன். ஒரு கையும் விழாவிட்டால் தோணி மணலிலேயே கிடக்கட்டும். அடுத்த நாளும் வந்து நின்று அதே பேரைக் கூப்பிடுவேன், அதற்கு அடுத்த நாளும். தண்ணீரில் இறங்கினால் அது உன் பேரோடுதான் இறங்கும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

யார் பார்த்தது என்று கேட்கிறவன் என்னிடம் வரட்டும். அந்தத் தோணியில் இருந்தவர்களில் இன்னும் மூச்சு விடுகிறவன் ஒருத்தன் இருக்கிறான்:

உன் தம்பி,
எல்லப்பன்.