கடிதத்தில் எழுத முடியாத மருந்து

கொல்லம் ஆண்டு 1107, ஆடி 12. இரவு.

ஜெபமாலை முடிந்து கோவில் வாசலில் நிற்கையில் போலீஸ் ஏட்டையாவின் மனைவி, நாலு பெண்கள் கேட்க, "ஏட்டி மரியம்மை, உனக்க தங்கச்சிக்கு ரெத்தப்போக்கு நிக்கலியாமே, பாவம்" என்றாள்.

தங்கம் அதை எனக்கு மட்டும்தான் எழுதியிருந்தாள். அவள் மாமியார் காதில் விழுந்தால், இவள் பிள்ளை பெறமாட்டாள் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். கடிதம் பிரித்து ஒட்டி வந்தது ஏனென்று இப்போதுதான் புரிகிறது. தங்கத்தின் கொழுந்தன் கதர் உடுத்துகிறான். அதனால் அந்த வீட்டுக் கடிதமெல்லாம் போலீசார் படிக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குண்டு வைக்கியவனைப் பிடிக்கண்டாமா? போலீசுக்கு இன்னும் அதிகாரம் குடுக்கணும். நமக்கு ஒளிக்க என்ன இருக்கு?" என்றார்.

"அவன் தங்கத்துக்க தீட்டுத்துணியிலயா ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

குண்டு வைப்பவன் பிடிபடட்டும். மாதாவிடம் நானும் அதற்கு வேண்டியிருக்கிறேன். படித்ததை வீட்டில் போய்ச் சொல்லும் ஏட்டைப் பிடிக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது?

ரத்தப்போக்கு நிற்க அசோகப்பட்டையை எப்படிக் காய்ச்சுவது என்று தங்கம் கேட்டிருக்கிறாள். எழுதினால் அதையும் படிப்பார்கள். காலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு அருமனையில் தங்கத்தின் வீட்டுக்கு நானே போகிறேன். இவரிடம் சொல்லப்போவதில்லை. வேண்டுமானால் ஏட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.