உப்புக்கு அஞ்சாத வேர்

ஜூலை 6, ஞாயிறு
காலையில் மேகமூட்டம். மழை ஏமாற்றிவிட்டது. போகட்டும். நட்ட ஆறு திராட்சைக் கன்றிலும் துளிர்! தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிக் கிணறு உப்பாகி, தென்னையே பட்டுப்போன நிலத்தில்.

வேர் காட்டுத் திராட்சை. உப்பைத் தாங்குமாம், பழம் வாயில் வைக்க முடியாதாம். அதனால் மேலே பன்னீர் திராட்சை ஒட்டு.

இதுவும் போனால் ஆடி முடிந்ததும் நிலத்தை மனை போடுகிறவருக்கு விற்பதாக என் வீட்டுக்காரர் தீர்மானம். நானும் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இன்று இவரே குடத்தில் நல்ல தண்ணீர் சுமந்தார்! சேமியா பாயசம் வைத்தேன்.

ஜூலை 8
ஷூ கம்பெனி. பசை நாற்றம், தலைவலி. பக்கத்து மெஷின் ஷாகிராவிடம் போனில் கன்றுப் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இன்னாடி, டேப் சுத்தின ஒட்டுக்குக் கீழ துளிர்த்துக்குது? எங்க ஊட்டு ரோஜாவும் இப்டித்தான். காட்டுச்செடிதான் வந்துச்சு, ஒட்டு செத்துப்போச்சு."

டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். கன்று தந்த நர்சரிக்காரருக்குப் போன்.

"கீழ வர்றத கிள்ளிடுங்கம்மா. வுட்டா மேல கட்டினது காய்ஞ்சிடும்."

பாவி மனுஷன், முதலிலேயே சொன்னால் என்னவாம்?

ஜூலை 9
இவரிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், கன்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வுட்டுடலாம்மே. பழம் வராட்டி போவுது. எத்தினி வருஷம் கழிச்சி இங்க பச்சைய பாக்கறோம்."

விற்கத் துடித்தவர்! எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் ஐந்தைக் கிள்ளினேன். ஆறாவதில் மேல் ஒட்டு ஏற்கெனவே கருகியிருந்தது. அதை இவர் தொட விடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு
ஆடிக் காற்று, கண்ணெல்லாம் மண். டேப்புக்கு மேலே மூன்றில் துளிர்! நாலு தடவை குனிந்து பார்த்தேன். மேலேதான். இரண்டு இன்னும் மொட்டை. ஷாகிராவுக்குப் படம் அனுப்பினேன். "ஜாஸ்தி ஆடாத" என்று பதில், கூடவே சிரிப்பு பொம்மை.

இவர் விட்டுவைத்த காட்டுக்கொடி மட்டும் தறிகெட்டு வளர்கிறது. ஆடு கடிக்காமல் முள் வைத்திருக்கிறார். நர்சரிக்காரரைத் தினமும் போனில் பேஜார் பண்ணுகிறார் போலிருக்கிறது.

மத்தியானம் மனை போடுகிறவர் கூப்பிட்டார். இவர் போனை எடுத்தார். நான் கிட்டே போய்க் காது கொடுத்தேன்.

"இப்ப முடியாதுங்க. காட்டுக்கொடி முத்தணும், குச்சி வெட்டி வேர் புடிக்க வெக்கணும், அதுமேல ஒட்டு கட்டணும். மூணு வருஷம் கழிச்சி வாங்க. திராட்சை தர்றேன்."