மறைப்பு அட்டைக்கு அந்தப் பக்கம்

தம்பி,

சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோ. சாவி பக்கத்து வீட்டுல. சாயங்காலம் உன் கூட்டாளிங்க விளையாட வரதுக்குள்ள நானும் வந்துடுவேன்.

போன வாரம், நீ கதை சொல்லி நடத்த நாங்க ஆளுக்கொரு பாத்திரமா ஆடற அந்த ஆட்டத்துக்கு நடுவுல நீ தண்ணி குடிக்கப் போனப்ப, நீ பகடையை ஒளிச்சு உருட்டற அந்த மறைப்பு அட்டை காத்துல சாஞ்சுது. நிமிர்த்தி வெக்கப் போனேன். பூதம் என்னை அடிக்கறதுக்காக நீ உருட்டின இருபது முகப் பகடையில இருபதே விழுந்திருந்தது. இருபதுன்னா அடி தப்பாது, நான் ஆடற வில்லாளி காலி. நீயோ, "குறி தப்பிடுச்சு, அக்கா பொழச்சா"ன்னு சொல்லிட்டுத்தான் எழுந்து போயிருந்தே.

மத்தவங்க ஆளுங்க எல்லாம் சாகறாங்க, என் ஆள் மட்டும் சாகறதே இல்ல. நான் கெட்டிக்காரின்னு நெனச்சுட்டிருந்தேன். அவர் என்னை விட்டுட்டுப் போனதுலேருந்துதான் இப்படின்னு அப்பதான் உறைச்சுது. ஒரு வாரமா உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசாததுக்குக் காரணம் அதான். என்னைப் பாவம் பாக்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்கடா. நீ வேண்டாம்.

அட்டையை அலமாரி மேல வெச்சுட்டேன். இன்னிக்கு எல்லார் கண்ணு முன்னாலயும் உருட்டு.

அக்கா

பி.கு. வில்லாளி செத்தா செத்துட்டுப் போறா. முதல்லேருந்து வேற ஒருத்தியை உருவாக்கிக்கிறேன். இப்ப எனக்கு அது நல்லாவே வருது.