பட்டினி வயிற்றில் இலைச்சாறு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மா இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்து உன் பழைய சுவெட்டருக்கு முழங்கையில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் இந்த வரியை நம்பி மேலே படி. நீயும் உன் ஆய்வுக்கூடத்து எலிகளும் சுகம்தானே. குளியலறைக் குழாயை நானே கழற்றிச் சரி பண்ணினேன், முன்பு சொட்டியது, இப்போது தாராளமாகவே ஒழுகுகிறது. பஸ் என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு குழாய் அடங்க மாட்டேன் என்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை உன்னிடம் போனில் சொல்லக் கூடாது என்று அம்மா வாக்கு வாங்கிவிட்டாள். கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று காலை பதினோரு மணி இருக்கும், பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தேன், அம்மா வேலை பார்க்கும் தையல் கூடத்திலிருந்து போன். துணி வெட்டும் மேசையில் நின்றபடியே வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாய் குழறி, அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாளாம். எல்லோரும் தண்ணீருக்கு ஓட, பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்கா மட்டும், அம்மாவைப் போல அவளுக்கும் சர்க்கரை நோய் உண்டு, "தண்ணி இருக்கட்டும், சர்க்கரை எறங்கிப்போச்சு, இனிப்பு குடுங்க" என்று சொல்லி, டீக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஐம்பத்திரண்டுதான் இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண், உன்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக, அரைக் கரண்டி சர்க்கரை போட்ட காலை டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மண் மாதிரி இருக்கிறது என்று வைத்துவிடுவாள், நானும் டீத்தூளை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சிறுகுறிஞ்சான் எலையாம்மா? அதைக் குடிச்சா கொஞ்ச நேரத்துக்கு இனிப்பே தெரியாது" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நீ போன மாதம் போனில், அந்த இலைச்சாறு கொடுத்த எலிகளுக்கெல்லாம் சர்க்கரை இறங்கிவிட்டது என்று குதித்தாயே, அம்மா உன்னிடம் எப்படிக் கொடுப்பாய் என்று துருவித் துருவிக் கேட்டாளே, அன்றே முடிவு பண்ணிவிட்டாளாம். நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த இலை வாங்கி, சுண்டக் காய்ச்சி, ஜாம் பாட்டிலில் ஊற்றி, சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். எலிகளைப் பட்டினி போட்டுத்தான் கொடுப்போம் என்று நீ சொன்னாயாம். இவளும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஒரு டம்ளர் குடித்து, மேலே மாத்திரையையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இலையும் இறக்கும், மாத்திரையும் இறக்கும், வயிற்றிலும் ஒன்றும் இல்லை, பிறகு உடம்பு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார் டாக்டர். உன்னை அவர் குறை சொல்லவில்லை. "உங்க பொண்ணு எலிக்குன்னுதானே சொன்னாங்க" என்றார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எம்பொண்ணு கண்டுபிடிச்சத நானே குடிக்கலைன்னா வேற யாரு டாக்டர் குடிப்பா" என்று கேட்டாள். டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை, எனக்கும்தான்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். வீட்டுக் கருவியில் தினமும் விரலில் குத்திப் பார்த்து, தேதி, நேரம், அளவு எல்லாம் கோடு போட்டுப் பென்சிலில் எழுதியிருக்கிறாள், பத்து நாள் கணக்கு. உன் ஆராய்ச்சிக்கு உதவும், முப்பது நாள் ஆனதும் அனுப்பி உன்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று இருந்தாளாம். செவ்வாய்க்கிழமைக்கு நேரே அவள் எழுதவில்லை. ஐம்பத்திரண்டு என்று நான்தான் எழுதினேன். என் கையெழுத்து எப்போதுமே இப்படித்தான் கோணலாக இருக்கும்.

நீ இதைப் படித்துவிட்டு உன்னையே நொந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் கண்ணு. உன் வாயிலிருந்து வந்த சந்தோஷத்தை அவள் மருந்தாக எடுத்துக்கொண்டாள், அதில் உன் தப்பு என்ன இருக்கிறது. ஜாம் பாட்டிலை அவளே கொட்டிக் கழுவிவிட்டாள். மாத்திரையின் அளவை டாக்டர் பார்த்துக் குறைத்திருக்கிறார், காலையில் நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்துத்தான் அனுப்புகிறேன். நீயும் வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்காதே, நீ எலி இல்லை.

ஒன்றே ஒன்று. வீட்டுக்கு வந்த அன்று அம்மா அழுதாள். மயங்கி விழுந்ததற்காக அழவில்லை. "இனிமே அவ வேலையப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றுதான் அழுதாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது உடம்பைப் பற்றி அதிகம் கேட்காதே, திட்டாதே. எலிகளைப் பற்றிச் சொல். எல்லாவற்றையும் சொல். எனக்குப் பாதி புரியாது, அவளுக்குப் புரியும்.

நீ எடுத்த வேலை கைகூடி, நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா