கிரில் கதவுச் சாவி

அக்கா,

இன்று மார்ச் ஒன்பதாம் தேதி. எனக்கு எழுபத்தொன்பது வயது, இரண்டு மாதம், ஆறு நாள். காலை நான்கு மணிக்கு வாசல் கிரிலை இழுத்தேன், பூட்டியிருந்தது. என் சாவி ஆணியில் இல்லை. சத்தம் கேட்டு உன் மகள் எழுந்து வந்தாள். "உங்க சாவி எங்கயோ மிஸ்ஸாயிடுச்சு சின்னம்மா. ஏழு மணிக்கு நான் தொறந்து விடறேன்லா, போய்ப் படுங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உள்ளங்கையில் துரு வாடை. அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

அன்று குளுவாங் வீட்டில், இதே போலக் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். மாலை ஏழரைக்கே கண் சொருகும். மூன்று மணிக்கு எழுந்து வாசல் பெருக்கப் போவாய். அந்தச் சத்தத்தில் என் தூக்கம் கெட்டது. விடியுமுன் எழுந்து ரப்பர் பால்மரம் வெட்டிய உடம்பு, தோட்டத்துப் பழக்கம் போகாது என்று எல்லாரும் சொன்னார்கள். நீ மரம் வெட்டிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய நானும், உயிரியல் கற்பித்த அதே வாயால், அதையே சொன்னேன். நீ ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"மரம் வெட்டறத விட்டு இருவது வருசமாச்சுடி. அப்பல்லாம் அம்மா உலுக்கினாத்தான் எழுந்திரிப்பேன். இது வேற என்னமோ. படிச்சவதானே, பாத்துச் சொல்லேன்."

பார்க்கவில்லை. என் உடம்புக்கு வந்த பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். இருட்டியதும் மூளையிலுள்ள சிறு சுரப்பி ஒன்று மெலடோனினைச் சுரந்து, இரவாயிற்று என்று உடம்புக்கு அறிவிக்கிறது. வயதேற அந்தச் சுரப்பு மெலிகிறது. பலருக்குச் சீக்கிரமே வந்து சீக்கிரமே வடிந்துவிடுகிறது. பகல் வெளிச்சம்தான் அதற்கு ஊன்றுகோல். நானோ பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு, "கண்ண மூடிப் படுக்கா" என்று உன்னை அதட்டினேன். தோட்டத்துப் பழக்கமாம்! ஒரு மரத்தையும் தொடாத நான் இன்று மூன்று மணிக்கு விழித்துக் கிடக்கிறேன்.

உன் கடைசி இரண்டு வருடமும் கிரில் சாவியைத் தேடினாய். அரிசி டின்னுக்குள், சாமி படத்துக்குப் பின்னால், தையல் பெட்டியில். "நாந்தான் எங்கயோ வெச்சுட்டேன். மண்ட கொழம்பிப் போச்சு எனக்கு" என்று டாக்டரிடமே சொன்னாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். அவரும் அதை எழுதிக்கொண்டார்.

உன் மண்டைக்கு ஒன்றுமில்லை, அக்கா. சாவி தொலையவே இல்லை. என் தலையணை உறைக்குள் இருந்தது.